'அது' வருகிற பக்கம்

— நிறுத்துங்கக்கா, நிறுத்துங்க. மறுபடியும் 'அவள்'.

— 'அது'ன்னுதானே தம்பி படிச்சேன்?

— 'அவள் படியிறங்கி வந்தாள்'னு படிச்சீங்க. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க.

— 'அது படியிறங்கி வந்தது.' சரி, சரி. கண்ணு ஒண்ணப் பாக்குது, வாய் வேற ஒண்ணச் சொல்லுது. என் வாய்க்கு இன்னிக்கு என்ன கேடுன்னே தெரியல.

— காலைலேர்ந்து இந்த ஒரே பக்கத்துலதான் நிக்கறோம். முதல் அத்தியாயத்துலேர்ந்து இதுவரைக்கும் நீங்க ஒரு கமாவக்கூட முழுங்கல. 'நம்ம அக்கா மைக் முன்னாடி உக்காந்தா நமக்கு வேலையே இல்ல'ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறேன். கடைசி அத்தியாயத்துல வந்து என் மானத்த வாங்கறீங்களே.

— எழுத்து பொடிப்பொடியா இருக்கு.

— நடுவுல கண்ணாடி இருந்தா பொய் சொன்னாத் தெரியாதுன்னு நெனப்பா? 'அது' வர்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறீங்க. பச்சத் தண்ணிய தலைல ஊத்திக்கறதுக்கு முன்னாடி இழுப்போமே, அந்த மாதிரி. ஹெட்போன்ல பளிச்சுனு கேக்குது.

— பாம்புச் செவி உனக்கு.

— அதுக்குத்தான் சம்பளம். உங்க வயிறு பேசறதும் கேட்டுச்சு. மதியம் சாப்பிடலதானே?

— பசிக்கல. ஏன் தம்பி, 'அவள்'னே படிச்சிட்டுப் போனா என்ன? குடியா முழுகிடும்?

— முழுகிடும். ஒலிப்புத்தகம் கேக்கறவங்க அச்சுப் புத்தகத்தக் கையில வச்சிக்கிட்டு வரிவரியா கூடவே வருவாங்களாம். ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு பதிப்பகத்துல கறாரா சொல்லிட்டாங்க. அதுவும் இல்லாம இது பேய்க் கதைக்கா. 'அவங்க இறங்கி வந்தாங்க, உக்காந்தாங்க, சௌக்கியமான்னு கேட்டாங்க'ன்னு படிச்சா எவன் பயப்படுவான்?

— இதுல பேய் எங்க இருக்கு? அந்த மாளிகைப் பிரபுவோட கூடப் பொறந்தவ. உசுரோட இருக்கறவ. போன அத்தியாயத்துலயே சொல்லிட்டாங்களே.

— சொல்லிட்டாங்க. சொன்னப்புறமும் எழுதினவர் விடாம 'அது, அது'ன்னே போறார் பாத்தீங்களா? பயமே அதுலதான் இருக்கு.

— எனக்குக் கோவமே அதுலதான்.

— கோவமா? கதை மேலயா?

— ஏன், வரக்கூடாதா?

— வரலாம். ஆனா எனக்கு இந்தக் கதைன்னா உசுரு. பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுப் படிச்சேன். மழை, காட்டு மாளிகை, நின்னுபோன மணிக்கூண்டு. அத ரிப்பேர் பண்ண ஒரு கடிகாரக்காரன் போய்த் தங்கறான். ராத்திரியானா மேல்மாடிலேர்ந்து ஏதோ ஒண்ணு இறங்கி வந்து அவன் கதவு மேல கைய வச்சிட்டு நிக்குது. தட்டல, பேசல. சும்மா நிக்குது. சத்தியமா சொல்றேன், அந்த வருசம் பூரா நான் பாத்ரூம் போகணும்னா எங்கண்ணன எழுப்புவேன். அவன் என்ன எட்டி ஒதைப்பான். ஒதை வாங்கிக்கிட்டும் எழுப்புவேன்.

— பயம்தான் வந்துச்சா உனக்கு? வேற ஒண்ணும் வரலியா?

— வேற என்ன வரணும்?

— 'அதன் கூந்தல் தரையில் புரண்டது'ன்னு போட்டிருக்கே. தரையில பொரள்ற முடிய யாரு வாரி விட்டிருப்பான்னு யோசிச்சியா? சிக்கு விழாதா? எத்தன வருசமா மேல இருக்கா! ஒரு வாரம் வாராம விட்டாலே சடை புடிச்சிக்கும். சிக்கெடுக்கறப்போ நுனிலேர்ந்து எடுக்கணும், இல்லன்னா வலிக்கும், சீப்பப் புடுங்கி வீசிடுவாங்க. அவளுக்கு யாரு சோறு கொண்டு போனா? தட்ட யாரு திரும்ப எடுத்துட்டு வந்தா? எவ்வளவு பெரிய புத்தகம் இது! மழையப் பத்தி மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருக்கார். அவ என்ன சாப்ட்டான்னு ஒரு வரி கிடையாது.

— நீங்க ஒருத்தர்தான்க்கா பேய்க் கதையப் படிச்சிட்டு பேய் சாப்பிட்டுதான்னு கேக்கற ஆளு.

— சிரி, சிரி.

— சிரிக்கல. நான் படிக்கறப்போ கதவுக்கு உள்பக்கம், அந்தக் கடிகாரக்காரன் கூட இருந்தேன். நீங்க வெளிப்பக்கமா நின்னு படிக்கறீங்க. சங்கதி அவ்வளவுதான். ஆனா கேக்கறவங்கள நான் இருந்த பக்கம் உக்கார வைக்கணும். நம்ம வேலை அது. எங்க, அந்தப் பாராவ இன்னொரு தடவ. குரல்ல கொஞ்சம் நடுக்கம் இருக்கட்டும். ஓடுது, ஆரம்பிங்க.

— 'அது படியிறங்கி வந்தது. அதன் கூந்தல் தரையில் புரண்டது. அது என் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு...' ஐயோ.

— ம்.

— வந்துடுச்சு தம்பி. தானா வந்துடுச்சு.

— போதும்க்கா. தண்ணி குடிங்க. என்ன விசயம்?

— ஒண்ணுமில்ல.

— அடிக்கடி செல்போனத் திருப்பிப் பாக்கறீங்க. அந்தச் சத்தமும் கேக்குது.

— இன்னிக்கு சாயந்திரம் மகளுக்கு மாப்பிள்ளை வீட்லேர்ந்து வர்றாங்க. பையனும் அவங்கம்மாவும். ஆறு மணிக்கு வர்றதா பேச்சு.

— அட! நல்ல விசயத்த இப்படியா முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு சொல்லுவீங்க? இன்னிக்கு எதுக்குக்கா வந்தீங்க? நாளைக்கு வச்சிருக்கலாமே.

— நாளைலேர்ந்து ஸ்டூடியோ வேற யாருக்கோன்னு நீதானே சொன்னே. ஒரு அத்தியாயந்தானே, முடிச்சிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். வீட்ல அவர் எல்லாத்தையும் பாத்துக்கறேன்னாரு.

— பையன் எப்படி?

— மக ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவன். அவளுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. தூக்கத்துல கூட சிரிக்கறா. அவ இப்படி இருந்து நான் பாத்ததே இல்ல.

— அப்போ கவலை என்ன?

— போன வருசமும் ஒரு எடம் வந்துச்சு. எல்லாம் பேசி முடிஞ்சு டீ குடிச்சிட்டு இருந்தாங்க. எங்கக்கா மேலேர்ந்து இறங்கி வந்துட்டா.

— உங்களுக்கு அக்கா இருக்காங்களா? சொன்னதே இல்லியே.

— சொன்னதில்ல. யாருகிட்டயும் சொல்றதில்ல. எனக்கு மூத்தவ. சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் வேற மாதிரி. அப்பாம்மா போனப்புறம் என்கூடத்தான் இருக்கா. யாருக்கும் ஒரு கெடுதல் பண்ண மாட்டா. எங்கப்பாவுக்கு செருப்புக்கடை இருந்துச்சு. கடைக்கு வர்றவங்க காலப் பாத்து நம்பர் சொல்றது ஒண்ணுதான் அவளுக்கு அப்பா குடுத்த வேலை. கட மூடி எவ்வளவோ காலம் ஆச்சு. அவ வேலைய மட்டும் விடல. யாரு வீட்டுக்கு வந்தாலும் முன்னாடி உக்காந்து, கால மடியில எடுத்து வச்சிக்குவா. 'ஏழு'ம்பா. 'அகலப் பாதம், வார் வச்சது எடுத்துக்கோங்க'ம்பா.

— ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு.

— உனக்கு அழகா இருக்கும். போன வருசம் வந்த பையனோட அப்பா, அவ கால இழுத்த இழுப்புல துள்ளி எழுந்து டீயக் கொட்டிக்கிட்டாரு. இவ விடுவாளா? 'ஓடாதீங்க, இன்னொரு கால் பாக்கணும்'னு பின்னாடியே போறா. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. போனவங்க அப்புறம் ஃபோனக்கூட எடுக்கல. மக ரூம்ல போய்க் கதவ சாத்திக்கிட்டா.

— அதனால இந்தத் தடவ...

— அதனால இந்தத் தடவ மேல ரூம்ல விட்டு, வெளிய தாழ்ப்பாள் போட்டுடலாம்னு. ஒரு ரெண்டு மணி நேரம். பாட்டுப் போட்டுவிட்டா கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. எல்லாரும் சேந்து முடிவு பண்ணினதுதான். பையன்கிட்டயும் இப்போதைக்குச் சொல்லாதேன்னு மககிட்ட நாந்தான் சொன்னேன்.

— அதான் வாய் ஒத்துழைக்க மாட்டேங்குதா?

— அது இல்ல தம்பி. கேளு. என் வீட்டுக்காரரு கல்யாணமான புதுசுல 'உங்கக்கா சாப்ட்டாங்களா'ம்பாரு. அப்புறம் 'அவங்க சாப்ட்டாச்சா'ன்னு ஆச்சு. கொஞ்ச வருசமா 'அது சாப்ட்டுச்சா'ங்கறாரு. கெட்ட மனுசன் இல்ல. அவளுக்கு மாத்திரை தீந்தா எனக்கு முன்னாடி அவருதான் வாங்கிட்டு வருவாரு. வாய்ல எப்போ மாறிச்சுன்னு அவருக்கே தெரியாது. நானும் ஒரு தடவகூட கேட்டதில்ல.

— எங்க வீட்லகூட அப்படிப் பேசுவாங்கக்கா. சின்னப் புள்ளைங்கள 'அது தூங்குது'ம்போம். பாசமாத்தான்.

— தெரியும். அதையே சொல்லித்தான் நானும் சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா இன்னிக்குக் காலைல கெளம்பறப்போ செருப்பு மாட்டிக்கிட்டே உள்ள பாத்து ஒண்ணு சொன்னேன். 'அஞ்சு மணிக்கெல்லாம் அத மேல கொண்டு போய் விட்டுடுங்க'ன்னு சொன்னேன். நான்! அவ என் செருப்பு வாரத்தான் சரி பண்ணிவிட்டுக்கிட்டு இருந்தா. 'ஆறு நம்பர்'னு என்னப் பாத்து சிரிச்சா. இங்க வந்து புத்தகத்தத் தொறந்தா, வரிக்கு வரி அதே வார்த்தை.

— அக்கா...

— நீ சொன்னியே, நான் வெளிப்பக்கம் நின்னு படிக்கறேன்னு. தப்பு. கடைசிப் பக்கத்துல அந்தக் கடிகாரக்காரன் என்ன பண்றான்?

— கதவ அடைக்கறாங்க. பலகை வச்சு.

— அவன் என்ன பண்றான்?

— ஆணி எடுத்துக் குடுக்கறான்.

— நல்லவன் அவன். ஏழை, இரக்கமுள்ளவன், பாதி புத்தகம் அவன் எவ்வளவு நல்லவன்னுதான். அவன் அடிக்கல. எடுத்து மட்டும் குடுக்கறான். அது நான்.

— அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா. பொண்ணு வாழ்க்கைன்னு வந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பாங்க. உங்க நெலமைல நானும் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். உங்க மேல எனக்கு துளி கோவம் வரல.

— நீ திட்டினாலாவது தேவலாம்.

— திட்ட வரல. ஒண்ணு செய்வோம். புத்தகத்துக்காக அப்புறம் எடுப்போம். இப்போ உங்களுக்காக ஒரு தடவ, உங்க வாய் எப்படிச் சொல்லுதோ அப்படியே கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. பதிப்பகத்துக்கு அனுப்ப மாட்டேன். வாய்லேர்ந்து வெளிய வந்துட்டாப் போதும், அப்புறம் தானா சரியாயிடும். ஓடுது.

— 'அவள் படியிறங்கி வந்தாள். அவளுடைய கூந்தல் தரையில் புரண்டது. அவள் என் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. போய்விடு, போய்விடு என்று மனத்துக்குள் வேண்டினேன். அவள் நெடுநேரம் நின்றாள். பிறகு வந்த வழியே ஏறிப் போனாள். மறுநாள் பலகைகள் வந்தன. நானே ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அன்று முதல் அந்த மாளிகையில்...'

— ம். அந்த மாளிகையில்...

— 'அன்று முதல் அந்த மாளிகையில் அமைதி நிலவியது.' யாருக்கு அமைதி? கேக்கறேன், யாருக்கு? உள்ள இருக்கறவளுக்கா?

— அக்கா, நான் இந்தக் கதைய எத்தன தடவ படிச்சிருப்பேன். இப்போதான் அவ திரும்பிப் படியேறிப் போனதே எனக்குக் கேட்டுச்சு. ஒரு வார்த்தைதான் மாத்துனீங்க, எனக்கு பயமே போயிடுச்சு. கதவத் தொறக்க மாட்டானான்னு இருந்துச்சு.

— என் ஃபோன எடு. இல்ல, இங்கதான் இருக்கு.

— மைக் ஆன்ல இருக்குக்கா, அணைச்சிடறேன்.

— இருக்கட்டும். உனக்குத் தெரியாம இனிமே என்ன இருக்கு? ஸ்பீக்கர்ல போடறேன்... ஹலோ? ஹலோ, என்னடி மூச்சு வாங்கறே?

— அம்மா! நல்ல வேளை கூப்ட்டே. அவங்க முன்னாடியே வந்துட்டாங்கம்மா. டிராஃபிக்கே இல்லியாம். ஹால்ல உக்காந்திருக்காங்க. நான் சமையல்கட்டுல இருக்கேன்.

— பெரியம்மா?

— மேலதான். அப்பா தாழ்ப்பாள் போட்டுட்டாரு. ஆனா கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்கம்மா. காலிங் பெல் சத்தம் கேட்டுருச்சு போல. யாரோ வந்திருக்காங்கன்னு தெரிஞ்சிட்டா சும்மா இருப்பாங்களா? அப்பா டிவிய சத்தமா வச்சிட்டு, கிரிக்கெட் பத்திப் பேசிட்டு இருக்காரு. அவருக்கு கிரிக்கெட்டே தெரியாது.

— டிவிய அணைக்கச் சொல்லு.

— என்னது?

— டிவிய அணைச்சிட்டு, மேல போய் பெரியம்மாவக் கூட்டிட்டு வா.

— அம்மா, உனக்குப் பைத்தியமா? போன வருசம் நடந்தது மறந்து போச்சா?

— மறக்கல.

— நீதானே சொன்னே, சொல்லாதேன்னு! நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன், நீதான் வாய மூடிக்கிட்டு இருன்னே. இப்போ அவங்க வந்து உக்காந்தப்புறம்... எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கும்மா. ப்ளீஸ்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான். அவங்க போயிடுவாங்க.

— அழாதே. தப்பு என்னோடது, உன்னோடது இல்ல. ஆனா கேளு. இன்னிக்கு தாழ்ப்பாள் போட்டா, கல்யாணத்துக்கும் போடணும். உனக்குக் கொழந்தை பொறந்தா அதுக்கும் போடணும். வாழ்நாள் பூரா டிவிய சத்தமா வைக்கணும். உன்னால முடியுமா? ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டு சோறு ஊட்டினவடி அவ.

— எனக்குத் தெரியாதா?

— தெரியும்ல? அவன் போறதா இருந்தா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அவன் போகக்கூடாதுன்னு உன்னவிட நான் அதிகமா வேண்டிக்கறேன். ஆனா அவ அங்க தட்டிட்டு நிக்கக்கூடாது. நான் வந்து தொறக்க ஒரு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் அவ தட்டிட்டே இருப்பா.

— இரும்மா. 

— என்ன, லைன்ல இருக்கியா?

— இருக்கேன். படியேறிட்டு இருக்கேன். அப்பா கீழேர்ந்து கண்ணக் காட்டுறாரு. அப்பா, சும்மா இருங்கப்பா. அம்மாதான் சொன்னா... பெரியம்மா? பெரியம்மா, நாந்தான். கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க, தொறக்கறேன்.

— யாரு வந்திருக்கா? எத்தன பேரு? செருப்பு வெளிய போட்டாங்களா?

— போட்டிருக்காங்க பெரியம்மா. வாங்க. முடிய ஒதுக்கி விடறேன், நில்லுங்க. ம், இப்போ வாங்க. மெதுவா.

— அக்கா, உங்கக்கா குரலும் உங்க குரலும் ஒண்ணா இருக்கு.

— சும்மா இரு தம்பி, கேக்கட்டும்... டிவி நின்னுடுச்சு. ஏன் ஒருத்தரும் பேசல? ஏய், என்ன நடக்குது? எழுந்துட்டாங்களா? ஏதாவது சொல்லுடி!

— அம்மா, மெதுவாப் பேசு. நான் படிகிட்ட நிக்கறேன். பெரியம்மா நேரா அவரோட அம்மா முன்னாடி போய் உக்காந்துட்டாங்க. கால மடியில வச்சிக்கிட்டாங்க.

— போச்சு. அவங்க முகம் எப்படி இருக்கு? கோவமா?

— இல்லம்மா, அவங்க கால இழுக்கவே இல்ல. பெரியம்மா தலையத் தடவிக் குடுக்கறாங்க. அழறாங்கம்மா. பக்கத்துல அவங்க பையன் தலையே நிமிரல.

— எதுக்கு அழறாங்க? நீ என்ன சொன்னே?

— நான் ஒண்ணுமே சொல்லல. அவங்க கைப்பையத் தொறந்து ஒரு சாவிய எடுத்து மேசை மேல வச்சிட்டாங்க. 'என் தம்பிய வீட்ல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன், போய் அவனக் கூட்டிட்டு வரட்டுமா'ன்னு கேக்கறாங்கம்மா.